தொடர்புக்கு

ஆறு வாரப் பயிற்சி. காரைக்குடி, செக்காலை ரோடு,
ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
வாசலில் 'மக்கள் தொடர்பு' என்று பலகை.
முதல் வாரம் முழுக்க
நான் தொடர்பு கொண்டது ஸ்டேப்ளரோடு மட்டும்.

வாடிக்கையாளர் பெயர் வந்த செய்திகளை
வெட்டி ஒட்டி, ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும்.
எட்டு சென்டிமீட்டர் புகழ்.
பன்னிரண்டு சென்டிமீட்டர் புகழ்.
பம்பு செட் கம்பெனிக்கு மூன்றே சென்டிமீட்டர்,
அதுவும் இரங்கல் செய்திக்குக் கீழே.
அதையும் கூட்டினேன்.

இரண்டாம் வாரம் கானாடுகாத்தான்.
ஓட்டலாக மாறிய பெரிய வீடொன்றைச்
சுற்றிக்காட்ட நிருபர்களோடு வேனில் போனோம்.
"எத்தனை ரூம்மா?" என்றார் ஒருவர், பேனாவை உதறியபடி.
தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.
"எழுபத்திரண்டு."
மறுநாள் அச்சில் எழுபத்திரண்டு.
அச்சில் பார்த்த பிறகு நானே நம்பினேன்.
வாட்ச்மேன் ராயப்பன் எண்ணிச் சொன்னார், ஐம்பத்தொன்று.
அடுத்த மாதம் ஓட்டல் அச்சடித்த கையேட்டிலும்
எழுபத்திரண்டுதான்.
அந்த இருபத்தோரு அறைகளுக்கு
இன்றுவரை சாவி என்னிடம்தான் இருக்கிறது.

நாலாம் வாரம், அதே ஓட்டலில் கல்யாண விருந்து.
பால் பணியாரம் கெட்டுவிட்டது.
நாற்பத்து மூன்று பேர் ஆஸ்பத்திரியில்.

இரவு ஒன்பதுக்கு உமையாள் மேடம்
சிவப்புப் பேனாவைத் திறந்தார்.
'நாற்பத்து மூன்று பேர்' என்று எழுதியிருந்தேன்,
'சிலர்' ஆனது.
'வாந்தி' போய் 'உடல் அசௌகரியம்' வந்தது.
'எங்கள் சமையலறையில்' என்பதற்கு மேல்
கோடு மட்டும்.
'மன்னிப்புக் கேட்கிறோம்' என்ற இடத்தில்
ரொம்ப நேரம் பேனா நின்றது. பிறகு
'நிகழ்ந்தவற்றுக்கு வருந்துகிறோம்'.

பத்தாம் வகுப்பில் தோன்றா எழுவாய்க்கு
இரண்டு மார்க் வாங்கியவள் நான்.
எழுவாயைத் தோன்றாமல் வைக்க
இங்கே மாதாமாதம் பில் போடுகிறார்கள்.

மேடம் கெட்டவர் இல்லை.
எனக்குப் பரோட்டா வாங்கித் தந்துவிட்டு
தான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

பதினொன்றரைக்குப் பதினேழு பத்திரிகைகளுக்கு அனுப்பினேன்.
கடைசி வரி: தொடர்புக்கு.
பழைய மாதிரிப் படிவத்தில் சோதனைக்காகப் போட்டிருந்த
என் சொந்த நம்பர்
அப்படியே போய்விட்டது.

விடிவதற்குள் அழைப்பு.
ஒருவர் ஏசி ரூம் வாடகை கேட்டார்.
ஒருவர் என் குலத்தையே இழுத்து வைத்துத் திட்டினார்.
ஒருவர் சமையல் வேலை காலியா என்றார்,
"இப்ப காலியாத்தானே இருக்கும்?"

கேள்வி பதில் தாள் ஒன்று என் கையில் இருந்தது.
பதினான்கு கேள்வி, பதினான்கு பதில்.
பதினைந்தாவதாக ஒரு பெண், கோட்டையூரிலிருந்து.
குரலில் கோபமே இல்லை.

"பேப்பர்ல சிலர்னு போட்டிருக்கீங்களே,
அந்தச் சிலர்ல எம் பொண்ணு உண்டா?"

ஃபேனின் கறகற சத்தம்
அவளுக்கும் கேட்டிருக்கும்.
"உண்டு," என்றேன். "பேர் சொல்லுங்க."

தர்ஷிகா. எட்டு வயது. ஏழு தடவை.
ஏழுதான், எண்ணியிருக்கிறாள்.
அறிக்கையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.
அதன் பிறகு அழைத்தவர்களிடமெல்லாம் பேர் கேட்டேன்.
சாயங்காலத்துக்குள் பதினொரு பேர்.

தாளை மேடம் மேசையில் வைத்தேன்.
முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார்,
தர்ஷிகாவில் கொஞ்சம் நின்றார்.
"நம்பரை மாத்தி ஒரு திருத்தம் அனுப்பிடு."
அனுப்பினேன்.

சான்றிதழில் 'சிறந்த தகவல் தொடர்புத் திறன்'
என்று இருக்கிறது.
லேமினேட் செய்தபோது ஓரத்தில் காற்றுக்குமிழி விழுந்துவிட்டது.

திருத்தத்தை யாரும் போடவில்லை போல.
நேற்றும் கல்லூரி பஸ்ஸில்
தெரியாத நம்பர் ஒன்று:
"ஓட்டலா?"

இல்லை என்றேன்.
அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது, வைக்கவில்லை.

"சொல்லுங்க."